ஆற்றுப் பக்கம் திறந்த சுவர்

ஒரு கட்டிடம் எழுப்புவதென்றால் நான்கு சுவர்களையும் ஒரே உறுதியுடன்தானே கட்டுவீர்கள்? அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், வில்மிங்டன் நகருக்கு அருகே, பிராண்டிவைன் என்னும் சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையில் வரிசையாக நிற்கும் பழைய ஆலைக் கட்டிடங்களைப் பார்ப்பவருக்கு முதலில் ஒன்றும் புரியாது. ஒவ்வொன்றிலும் மூன்று பக்கம் கோட்டை மதில் போன்ற தடித்த கற்சுவர். ஆற்றைப் பார்த்த நான்காவது பக்கத்திலோ வெறும் பலகைத் தடுப்புத்தான் இருந்தது. கூரையும் அப்பக்கமே சரிந்த இலேசான மரக்கூரை.

இது சிக்கனத்துக்காகச் செய்யப்பட்டதன்று. உள்ளே அரைபட்டது வெடிமருந்து. அது என்றாவது ஒருநாள் வெடிக்கும் என்பது கட்டியவருக்குத் தெரியும். வெடித்தால் அதன் வேகமெல்லாம் ஆற்றின் மேல் பாயட்டும், பக்கத்து ஆலைக்குத் தீ தாவாதிருக்கட்டும் என்பதே அவர் போட்ட கணக்கு. உள்ளே நின்ற மனிதனும் அவ்வழியேதான் போவான். வெடிப்பில் இறந்தவனைப் பற்றிப் பேசும்போது அங்கிருந்த தொழிலாளர்கள் 'ஆற்றைக் கடந்துவிட்டான்' என்று சொல்வது வழக்கமாயிற்று.

இந்த ஆலைகளைக் கட்டியது டூபாண்ட் கம்பெனி. பின்னாளில் நைலானையும் டெஃப்லானையும் உலகுக்குத் தந்த அதே நிறுவனந்தான். தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் இருபதாம் நூற்றாண்டில் முதலில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட பெயரும் அதுவே. தன் பாதுகாப்பு முறைகளைப் பிற கம்பெனிகளுக்குக் கற்றுத்தருவதையே அது தனியொரு வாணிபமாக நடத்தியது. நம் நாட்டுப் பெரிய ஆலைகள் சிலவும் அதன் ஆலோசனையை நாடின. ஆனால் அதே கம்பெனியின் வேறோர் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் கண்டது. இவ்விரண்டும் எப்படி ஒரே கூரையின் கீழ் நடந்தன? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

லவாய்சியரின் மாணவர்

கம்பெனியை நிறுவிய எலூதேர் இரேனே டூபாண்ட் பாரிஸில் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது பிரெஞ்சு அரசின் எஸ்ஸோன் வெடிமருந்து ஆலையில் பயின்றார். அவருக்குத் தொழில் கற்பித்தவர் யார் தெரியுமா? தற்கால வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் லவாய்சியர்! 1788-இல் அதே எஸ்ஸோனில், வெடியுப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரேட்டைக் கொண்டு புதுவகை மருந்து செய்து பார்த்தார்கள். லவாய்சியரும் உடனிருந்தார். அவர் சற்று அப்பால் சென்றிருந்த நேரத்தில் கலவை வெடித்து, அருகில் நின்ற இருவர் இறந்தனர். அன்று தப்பிய லவாய்சியரை 1794-இல் புரட்சி அரசு கில்லட்டினுக்கு அனுப்பியது. டூபாண்ட் குடும்பம் கடல் கடந்து 1800-ஆம் ஆண்டின் முதல் நாளன்று அமெரிக்கா வந்து சேர்ந்தது. 1802-இல் பிராண்டிவைன் கரையில் ஆலைக்கு அடிக்கல் விழுந்தது.

கரும்பொடி என்பது வெடியுப்பு, கந்தகம், மரக்கரி மூன்றும் சேர்ந்த கலவை. இதில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே தருவதால், மூடிய குழாய்க்குள்ளும் இது எரியும். மூன்றையும் எவ்வளவு நெருக்கமாக அரைத்துச் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு வீரியம் கூடும். ஆகவே அரைத்துத்தான் ஆகவேண்டும், அரைப்பதென்றாலோ உராய்வு. இத்தொழிலின் முழுச் சங்கடமும் இதில் அடங்கிவிட்டது. (அந்த வெடியுப்பு பெரும்பாலும் நம் நாட்டின் பீகார், வங்கப் பகுதிகளிலிருந்து கப்பலேறிச் சென்றது. உள்நாட்டுப் போரின்போது, 1861-இல், லாமோ டூபாண்ட் என்பவர் இங்கிலாந்துக்கே போய் அங்கிருந்த இந்திய வெடியுப்பை அமெரிக்க அரசுக்காக வாங்கிக் குவித்தார்.)

இந்தச் சங்கடத்தை இரேனே எப்படிச் சமாளித்தார்? சுவரைப் பற்றிச் சொன்னேன். ஆலைகளை ஒன்றுக்கொன்று தள்ளிக் கட்டினார். சிவகாசிப் பக்கம் போனவர்கள், பட்டாசு ஆலைகளில் சின்னஞ்சிறு அறைகள் இடைவெளி விட்டுத் தனித்தனியே நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கும் இதே கணக்குத்தான். 1811-இலேயே எழுத்தில் விதிகள் வந்தன. காலணியில் இரும்பாணி கூடாது, மர ஆணிதான் அடிக்க வேண்டும். பொறி பறக்கக்கூடிய இரும்புக் கருவிகளுக்குப் பதில் மரமும் செம்பும். பின்னாளில் தீக்குச்சி புழக்கத்துக்கு வந்தபோது அதற்கும் தடை. 1818-இல் நடந்த பெருவெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேற்பார்வையாளர் ஒருவர் குடித்திருந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. அதன்பின் ஆலை வளாகத்தில் மதுவும் விலக்கப்பட்டது.

எல்லாவற்றிலும் வியப்பான விதி ஒன்றுண்டு. புதிதாகக் கட்டிய ஆலையிலோ, வெடித்தபின் திருத்திய ஆலையிலோ, முதலாளிகளில் ஒருவர் தம் கையால் ஓட்டிக் காட்டிய பிறகே தொழிலாளி உள்ளே நுழைய வேண்டும்! முதலாளியின் வீடும் தொலைவில் இல்லை. ஆலைகளுக்கு மேலேயுள்ள மேட்டில்தான் இரேனே மனைவி மக்களுடன் வாழ்ந்தார். 1818 வெடிப்பில் அவ்வீடு சேதமாயிற்று. அவர் மனைவியும் காயமுற்றார். 1857-இல் அவருடைய இளைய மகன் அலெக்ஸிஸ் வெடிப்பொன்றில் உயிரிழந்தார். வெடியுப்பு வாங்கப் போனதாகச் சொன்னேனே, அந்த லாமோவை 1884-இல் நியூஜெர்சியிலிருந்த ரெப்பானோ ஆலையில் நைட்ரோகிளிசரின் கொண்டுபோயிற்று.

விதிகளெல்லாம் இருந்தும் பிராண்டிவைன் ஆலைகள் 1921-இல் மூடப்படும் வரை 288 முறை வெடித்தன. 228 பேர் இறந்தார்கள். இறந்தவரின் மனைவிக்கு ஓய்வூதியமும் குடியிருக்கக் கம்பெனி வீடும் கிடைத்தன. அந்நாளில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத ஏற்பாடு இது. முதலாளி இரக்கமுள்ளவர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரக்கம் மட்டுமே இத்தனை விதிகளைப் போட்டிருக்குமா? அந்த ஆபத்து ஆளைப் பார்த்து வேறுபாடு காட்டவில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

எண்ணத் தொடங்கினார்கள்

1910-களில் கம்பெனி பெருத்துவிட்டது. ஊருக்கு ஓர் ஆலை. ஆலைக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள். முதலாளி ஒவ்வொரு கதவையும் தாமே திறந்து பார்க்க இயலாது. அப்போது பாதுகாப்பு விதியின் இடத்தில் எண்ணிக்கை வந்து அமர்ந்தது. எத்தனை மணி நேர வேலைக்கு எத்தனை விபத்து, ஒரு நாளேனும் வேலையை இழக்கச் செய்த காயம் எத்தனை என்று ஆலைவாரியாகக் கணக்கு வைத்தார்கள். விபத்து நேர்ந்தால் தொழிலாளியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. அவ்விடத்து மேலாளர் பதில் சொல்ல வேண்டும். தடுக்க முடியாத விபத்து என்று ஒன்று கிடையாது என்பதே கம்பெனியின் கொள்கையாயிற்று. மாடிப்படி ஏறுகிறவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும் என்பதுவரை இந்தக் கண்டிப்பு நீண்டது. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் விபத்து எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்தது. மற்றக் கம்பெனிகள் பொறாமைப்படும் அளவுக்குக் குறைந்தது.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த இடமும் நேரமும் தெரிந்தால்தான் ஒன்றை இந்தக் கணக்கில் எழுத முடியும்.

வண்ணத்துப்பூச்சி வீடு

டெலவேர் ஆற்றின் மறுகரையில், நியூஜெர்சி மாநிலத்து டீப்வாட்டரில், கம்பெனியின் பெரிய இரசாயன ஆலை இருந்தது. 1923-இல் அங்கே டெட்ரா எத்தில் ஈயம் தயாரிக்கத் தொடங்கினார்கள். மோட்டார் என்ஜினில் பெட்ரோல் நேரந்தவறி வெடித்துத் 'தட்டல்' ஓசை எழுப்புவதைத் தடுக்க, டூபாண்ட் பெரும் பங்கு வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் கண்டுபிடித்த மருந்து இது.

சாதாரண ஈயத்தைப் போன்றதன்று இது. எண்ணெய் போன்ற திரவம், கொழுப்பில் கரையும். ஆகையால் தோலைத் துளைத்துக்கொண்டு இரத்தத்தில் இறங்கி, நேரே மூளைக்குப் போய்ச் சேரும். முதலில் தூக்கம் கெடும். இரத்த அழுத்தம் தாழும். பிறகு இல்லாதவை கண்ணில் தெரியும். டீப்வாட்டர் தொழிலாளர்கள் வேலை நடுவே நின்று, பறக்காத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டிடத்துக்கு அவர்களே வைத்த பெயர் 'வண்ணத்துப்பூச்சி வீடு'. முற்றிப்போனால் பித்தேறிக் கட்டிப்போட வேண்டிய நிலை, அதன்பின் சாவு. 1925-க்குள் டீப்வாட்டரில் மட்டும் எட்டுப் பேர் இறந்தனர். அதற்கு முன்பே, 1924 அக்டோபரில், ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் பேவே ஆலையில் ஐவர் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து இறந்தபோதுதான் நாட்டுக்கே செய்தி எட்டியது. ஆபத்தில்லை என்று காட்டுவதற்காக மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் அத்திரவத்தில் கைகழுவிக் காட்டினார்! நச்சின் கொடுமையை அனுபவித்து ஓய்வெடுத்துவிட்டு வந்தவர்தாம் அவரும்.

1925 மே மாதம் வாஷிங்டனில் மாநாடு கூடியது. தொழில்நோய் ஆய்வில் பேர்பெற்ற மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் இதைக் கடுமையாக எதிர்த்தார். விற்பனை சிறிது காலம் நின்றது. 1926-இல் மீண்டும் தொடங்கியது. ஆலைக்குள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கலங்களையும் குழாய்களையும் மூடினார்கள், காற்றோட்டம் அமைத்தார்கள், தொழிலாளரை மருத்துவர் அடிக்கடி சோதித்தார். ஆலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. சில நாளில் கொல்லும் நஞ்சை வெடிமருந்தைப் போலவே அடக்க முடிந்தது. ஆனால் வண்டிப் புகையாக வெளியேறிச் சிறிது சிறிதாகக் குழந்தைகளின் மூளையைத் தொட்ட ஈயம்? அதற்கு ஆலைக் கணக்கில் இடமில்லை. இந்தியாவில் அது 2000-இல்தான் நின்றது. உலகின் கடைசி ஈயப் பெட்ரோல் அல்ஜீரியாவில் 2021-இல் தீர்ந்தது.

இருபது ஆண்டு கழித்து வந்த நோய்

அதே டீப்வாட்டரில் இன்னொரு பகுதி சாயப் பகுதி. முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து சாயம் வருவது நின்றுபோகவே, அமெரிக்காவிலேயே செய்யும் முயற்சியில் டூபாண்ட் இறங்கியது. சாயத்துக்கு மூலப்பொருள்களாக பீட்டா-நாப்தைலமின், பென்சிடின் முதலிய அமின்கள் வேண்டும். இவை ஐயத்துக்குரியவை என்பது புதிய செய்தி அன்று. பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-இலேயே, ஒரே சாயத் தொழிலைச் செய்த மூவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வந்ததை எழுதிவைத்திருந்தார். 1921-இல் ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இவ்விரு பொருள்களின் பெயரையும் குறிப்பிட்டே எச்சரித்தது.

1930-களின் தொடக்கத்தில் டீப்வாட்டரிலும் நோயாளிகள் தென்படலாயினர். சில ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. அதுவரை ஏன் ஒருவரும் இல்லை என்கிறீர்களா? இந்நோய் முற்றுவதற்குப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் ஆகும். தோல் வழியும் மூச்சு வழியும் புகுந்த அமினைக் கல்லீரல் மாற்றி, கழிவாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அங்கே சிறுநீரின் அமிலத்தன்மையால் அப்பொருள் மறுபடி பிரிந்து, பைச்சுவரின் உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலையே வினையாகிவிடுகிறது.

கம்பெனி ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடவில்லை. தொழிலாளரின் சிறுநீர்ப்பையைக் குழாய்க் கருவியால் உள்நோக்கிப் பரிசோதித்தார்கள். கம்பெனி மருத்துவரே நோய்ச் செய்தியை மருத்துவ ஏடுகளில் வெளியிட்டார். நச்சியல் ஆய்வுக்கென ஹாஸ்கெல் ஆய்வுக்கூடத்தைக் கம்பெனி தன் செலவில் அமைத்தது. அந்த ஆய்வுக்கூடத்துக்கு 1934-இல் வந்தவர் வில்ஹெல்ம் ஹியூப்பர் என்னும் ஜெர்மானிய நோயியல் அறிஞர். இங்கே இப்படி ஒரு நோய் வரக்கூடும் என்று இரண்டாண்டுக்கு முன்பே கம்பெனிக்குக் கடிதம் எழுதியவரும் அவரே.

ஹியூப்பர் நாய்களைத் தேர்ந்துகொண்டார். சாதாரணமாக ஆய்வுக்குப் பயன்படும் எலியிலும் முயலிலும் பீட்டா-நாப்தைலமின் இந்நோயை எளிதில் உண்டாக்குவதில்லை. இப்பொருளைக் கையாள்வதில் நாயின் உடல் மனித உடலுக்கு நெருங்கி நிற்கிறது. 16 பெண் நாய்களுக்கு நீண்ட நாள் கொடுத்ததில் 13-க்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் எழுந்தன. முடிவு 1938-இல் வெளியாயிற்று. ஐயத்துக்கு இனி இடமில்லை.

அதற்கிடையே நடந்த ஒரு நிகழ்ச்சியை ஹியூப்பர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பீட்டா-நாப்தைலமின் செய்யும் இடத்தைப் பார்க்க அவரை அழைத்துச் சென்றார்கள். தரை துடைத்துவைத்தாற்போல் இருந்தது. இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று அவர் மேஸ்திரியிடம் வியந்தார். நீங்கள் நேற்றிரவு வந்திருக்க வேண்டும், உங்களுக்காக விடிய விடியக் கழுவினோம் என்றாராம் அந்த வெள்ளை மனத்தவர்! உடனே ஹியூப்பர், அருகிலிருந்த பென்சிடின் பகுதியையும் இப்போதே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அங்கே யாரும் கழுவியிருக்கவில்லை. தரை, சன்னல், வெளிநடை எங்கும் வெண்பொடி படிந்திருந்தது. அவர் நேரே மேலிடத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. அந்தப் பகுதிகளுக்குப் போக அவருக்கு அதன்பின் அனுமதியும் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் வேலையும் போயிற்று.

இப்போது விபத்துக் கணக்குக்குத் திரும்புவோம். முப்பது வயதில் சாயப் பகுதியில் வேலை செய்து, பிறகு வேறு ஊர் போய்விட்ட ஒருவருக்கு ஐம்பது வயதில் சிறுநீரில் இரத்தம் கண்டால், அது எந்த ஆலையின் எந்த மாதக் கணக்கில் ஏறும்? எந்த மேலாளர் பதில் சொல்வார்? அவரும் அதற்குள் பதவி உயர்ந்து போயிருப்பார். கைவிரல் நசுங்கினால் தலைமையகம் வரை செய்தி போகும் கம்பெனியில், இந்த வெண்பொடி ஆண்டுக்கணக்கில் கிடந்தது. வெடிமருந்து ஆலைக்கு மேலே முதலாளியின் வீடு இருந்தது. சாய ஆலையோ ஆற்றுக்கு அப்பால்.

பிரிட்டனில் ஐ.சி.ஐ. கம்பெனி 1949-இல் பீட்டா-நாப்தைலமினைக் கைவிட்டது. அந்நாட்டுச் சாயத் தொழிலாளரைப் பற்றி ராபர்ட் கேஸ் முதலியோர் 1954-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஒரு தொழிற்சாலையில் இப்பொருளை வாலைவடித்த 15 பேரில், 15 பேருக்குமே புற்றுநோய் வந்திருந்தது. டூபாண்ட் 1955 வரை அதைச் செய்துகொண்டிருந்தது. பென்சிடின் அதன் பிறகும் தொடர்ந்தது. தயாரிப்பு நின்ற நாளோடு நோய் நிற்கவில்லை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஹியூப்பர் 1948-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் சேர்ந்து, சூழ்நிலைப் புற்றுநோய் ஆய்வுக்குத் தலைவரானார். 1942-இல் அவர் எழுதிய தொழில்வழிப் புற்றுநோய் நூலை, தொழில்நோயால் மாண்ட தொழிலாளர்களின் நினைவுக்கே காணிக்கையாக்கியிருக்கிறார்.

டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட சி-8 என்னும் பொருளின் கதையும் இந்தத் தடத்திலேயே போயிற்று. எலிகளின் ஈரலை அது வீங்கச் செய்வதை ஹாஸ்கெல் ஆய்வுக்கூடம் 1961-இலேயே கண்டது. மேற்கு வர்ஜீனியாவில் ஆலையைச் சுற்றியிருந்த ஊர்களின் குடிநீர்வரை அது பரவியது. ஆறு நோய்களுக்கும் அதற்கும் தொடர்பிருக்கலாம் என அறிவியலார் குழு முடிவு கூறியது 2012-இல். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வழக்குகளை 2017-இல் 67 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள்.

லா போர்ட்

நின்று கொல்லும் நஞ்சில் தவறினாலும், உடனே கொல்லும் ஆபத்திலாவது கம்பெனி தன் பெயரைக் காத்துக்கொண்டதா? டெக்சாஸ் மாநிலத்து லா போர்ட்டில் டூபாண்டுக்கு ஒரு பூச்சிமருந்து ஆலை இருந்தது. 2014 நவம்பர் 15 அதிகாலையில், மெத்தில் மெர்காப்டான் ஓடும் குழாய் ஒன்று குளிரில் அடைத்துக்கொண்டது. வெந்நீர் ஊற்றி அடைப்பை எடுத்தார்கள். எடுபட்ட திரவம், கழிவு வாயுவுக்கென இருந்த வேறு குழாய்த்தொடருக்குள் பாய்ந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. அத்தொடரில் அழுத்தம் ஏறியதைக் கண்டு, வழக்கமாகத் தேங்கும் நீர்தான் என்று எண்ணி வடிகால் அடைப்பைத் திறந்தார்கள். ஏறத்தாழ 11 டன் நச்சுப் பொருள் வெளியேறியது. நான்கு தொழிலாளர் இறந்தனர். அவர்களில் இருவர் உடன்பிறந்த சகோதரர்கள்.

மெத்தில் மெர்காப்டான் அழுகிய முட்டைக்கோசு போல நாறும். மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் அந்த ஆலையில் அவ்வாடை அன்றாடம் இருந்ததால், அன்றும் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரணை செய்து மற்றொன்றையும் எழுதியது. கசிவு நடந்தது மூடிய கட்டிடத்துக்குள். காற்றை வெளியேற்ற வேண்டிய விசிறிகள் ஓடவில்லை. அந்த ஆலைக்கு இப்படி நான்கு பக்கமும் மூடிய கட்டிடம் தேவைதானா, திறந்த அமைப்பாகக் கட்டினால் வாயு தேங்காதல்லவா என்பதைக் கம்பெனி ஆராய வேண்டும் என்று வாரியம் பரிந்துரைத்தது.

பூச்சிமருந்துப் பகுதி மறுபடி திறக்கப்படவில்லை. 2016-இல் அதை நிரந்தரமாக மூடிவிடப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. பிராண்டிவைன் கரையில் பழைய வெடிமருந்து ஆலைகள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கின்றன. போகிறவர்கள் ஆற்றுப் பக்கமாக நின்று பார்த்தால், மூன்று கற்சுவர்களுக்கு நடுவே ஆலையின் உட்புறம் முழுவதும் தெரியும்.